முதலில் கடிதம், பிறகு பெட்டி

அந்தக் காலத்தில் வசதி கிடையாது, அதனால்தான் அப்படியெல்லாம் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் அப்படித்தான் பேசினார். மலைத் தோட்டங்களில் அன்றைக்கு ஒரு போன் உண்டா, அவசரத்துக்கு ஒரு சேதி சொல்ல வழி உண்டா, பாவம் ஜனங்கள் என்று சாம்பாரைப் பிசைந்துகொண்டே இரக்கப்பட்டார். உண்டு ஐயா என்றேன். எங்கள் தோட்டத்தில் இருந்தது, பித்தானை அமுக்கிப் பேசினால் ஏழு மைலுக்கு அப்பால் துரையின் மேசையில் கேட்கும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரசம் கேட்டார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

வசதி இருந்தது. என் மேசைக்கு வலப்பக்கம், ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் நான் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் கிராணிதான். அதில் பெண் என்று வந்தது நான் ஒருத்திதான். அப்பா ரிங்லெட்டில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற லோரி ஓட்டியவர். மகள் பேனா பிடித்து உட்காரப் போகிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரோடு எனக்கும் ஒரு அறை கொடுத்தார்கள். லயத்து ஜனங்கள், அதாவது வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள், என்னைக் கிராணியம்மா என்றார்கள். பெரிய ஆபீசில் இருந்தவர்கள் 'அந்தப் பொண்ணு' என்றார்கள்.

பெரிய ஆபீஸ் கீழே, ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது. மேல் டிவிசனிலிருந்து அங்கே போக ஏழு மைல் மண் பாதை. தினமும் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஒரு லோரி இறங்கும். தபால் பையும் அதில்தான் போகும். திங்கட்கிழமை தோறும் துரை கூட்டம் நடத்துவார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய் வெகுநாளாகிவிட்டது. நம் நாட்டு மனிதர்தான் மானேஜராக இருந்தார், ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை, துரை துரைதான். ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் கண்டக்டர், அதாவது தேயிலைக் காட்டு வேலைக்குப் பொறுப்பான உத்தியோகஸ்தர், கொழுந்து லோரியில் தொற்றிக்கொண்டு போய், பெரிய ஆபீசின் வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய்ப் பத்து நிமிடம் நின்று, வசவு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வருவார். அந்த ஒரு நாள் காட்டில் வேலையை மேற்பார்க்க ஆள் இருக்காது. மழைக்காலத்தில் பாதை வழுக்கி லோரி நின்றுவிட்டால் கூட்டமும் இல்லை, தபாலும் இல்லை. மேல் டிவிசன் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு இது உறைத்திருக்கிறது. ஐந்து ரேடியோ பெட்டிகள் வாங்கி அனுப்பினார்கள். பெரிய ஆபீசில் ஒன்று, ஆலையில் ஒன்று, மூன்று டிவிசன்களிலும் ஒவ்வொன்று. கார் பேட்டரியில் ஓடும். ஒலிபெருக்கி ஒன்று தனியாக இருக்கும். கையில் பிடித்துப் பேச ஒரு மைக். பித்தானை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர்கள் பேசுவது கேட்கும். ஒருவர் பேசினால் ஐந்து இடத்திலும் கேட்கும். இனிமேல் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு யாரும் இறங்கி வர வேண்டாம், அவரவர் இடத்திலிருந்தே பேசிக்கொள்ளலாம் என்றார்கள். மாட்ட வந்த சீனப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எனக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். மழையில் பாதை போனால் இதுதான் உங்கள் பாதை என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

கண்டக்டருக்கு அப்படி இல்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். காட்டில் எந்தச் சரிவில் எந்தப் பருவத்தில் கொழுந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் துரையின் குரல் பெட்டியிலிருந்து வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"உக்காருங்க ஐயா, துரைக்குத் தெரியாது" என்றேன்.

"அவருக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியும்லா" என்றார்.

கூட்டம் முடிகிற வரைக்கும் நின்றார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நின்றார். மைக்கை அவர் தொடவே மாட்டார். துரை பேசும்போது தவறிப்போய்ப் பித்தான் அமுங்கிவிட்டால் துரையின் பேச்சுக்குக் குறுக்கே விழுந்த மாதிரி ஆகும் என்று பயம். அதனால் மைக் என் கைக்கு வந்தது. மற்ற டிவிசன்களிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நிற்பாராம்.

துரை மட்டும் என்ன வாழ்ந்தார். பித்தானை அமுக்கினார் என்றால் விடவே மாட்டார். முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் பேசுவார். கொழுந்து முற்றிப்போய் வருகிறது, உரம் வீணாகிறது, பெரட்டுக்கு ஆள் நேரத்துக்கு வரவில்லை. பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். பேசி முடித்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் பதில் சொல்லலாம் என்று இருந்த நேரத்தில் அங்கே பெட்டி செத்துக் கிடக்கும். ஐந்து பேர் பேசிக்கொள்ளச் செய்த சாமானை ஒருவர் பேசுகிற சாமானாக மாற்ற எங்கள் துரைக்கு ஒரே ஒரு விரல் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ கண்டக்டருக்கு வினை வந்தது. எங்கள் ஆபீஸ் ஜன்னல் பெரட்டுக் களத்தைப் பார்த்து இருக்கும். பெட்டியில் துரை பேசுகிறார் என்று தெரிந்ததும் கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. அன்றைக்குத் துரை எங்கள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். வயசாகிவிட்டதா, காட்டுக்குப் போகிறாயா இல்லை மரத்தடியில் தூங்குகிறாயா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி மலாயில் கேட்டார். வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். இத்தனை வருடமாக அவர் அதே வசவை ஏழு மைல் தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால் வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அவர் அதட்டி வேலை வாங்கும் ஆட்களின் காதில் விழுகிற மாதிரி வாங்கினார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் ஒரு உரச் சாக்கைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியின்மேல் சுற்றிக் கட்டினார். ஜன்னலையும் ஆணி வைத்து அடித்தார்.  அவர்மேல் எனக்கு இன்றைக்கும் அந்த விஷயத்தில் கோபமில்லை. ஒரு மனிதனின் மானத்தை நடுக்களத்தில் உருவிவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தால் அவன் சாக்கைத்தான் தேடுவான்.

என் கோபமெல்லாம் பெரிய கிராணிமேல்தான். பெரிய ஆபீசின் தலைமைக் கிராணி அவர். இருபத்தைந்து வருட சர்வீஸ். மூன்று டிவிசன்களிலிருந்தும் வருகிற ஒவ்வொரு கடிதமும் அவர் கையில்தான் விழும். அவர் பிரிப்பார், நம்பர் போடுவார், எது துரை மேசைக்குப் போக வேண்டும், எது தன் மேசை இழுப்பறைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வார். துரைகள் வந்தார்கள், போனார்கள். இழுப்பறை மட்டும் அப்படியே இருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும், துரை சில வாரங்களில் கொஞ்சம் மாறினார். தான் பேசி முடித்ததும் ஒவ்வொரு டிவிசனாகப் பெயர் சொல்லி, ஏதாவது உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். முதல் முறை எங்கள் டிவிசனைக் கூப்பிட்டதும் நான் பித்தானை அமுக்கி, லயத்துக் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து ஒன்பது நாளாகிறது, கடிதம் அனுப்பியும் ஆள் வரவில்லை என்றேன்.  பிறகு துரை அங்கே பக்கத்திலிருந்த பெரிய கிராணியைக் கேட்பது எங்களுக்கும் கேட்டது. பித்தானை விட மறந்துவிட்டார்.

"கடிதம் வந்ததா?"

"பார்க்கணுங்க துரை."

கடிதம் இழுப்பறையில் இருந்தது. மறுநாளே குழாய்க்கு ஆள் வந்துவிட்டான். லயத்துப் பெண்கள் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் என்னவோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிந்தேன். முட்டாள் பெண்.

அடுத்த வாரமே ஒரு சர்க்குலர் வந்தது. பெட்டியில் பேசப்படும் எந்த விஷயமும் முன்னதாகக் கடிதமாகப் பெரிய ஆபீசுக்கு வந்து பதிவு நம்பர் பெற்றிருக்க வேண்டும், நம்பர் இல்லாத விஷயத்தைப் பேசக் கூடாது, பேசினால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே துரையின் கையெழுத்து. பத்து காகிதத்துக்கு நடுவே வைத்துப் பெரிய கிராணி நீட்டியிருப்பார். துரை படிக்காமல் போட்டிருப்பார்.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. அடுத்த கொழுந்து லோரியில் ஏறிக் கீழே போனேன். பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, லீவு போட்டியா?"

"ஐயா, லெட்டர் வந்து சேர்ந்துட்டா அப்புறம் பெட்டி எதுக்கு?"

"உறுதிப்படுத்த."

"பாதை போயி லோரி ஓடலேன்னா?"

"ஓடுறப்ப அனுப்பு."

"அதுவரைக்கும் யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிட்டா?"

"இத பாரு பொண்ணு" என்று பேனாவை மூடி வைத்தார். "வாயால சொன்னத நாளைக்கு நான் சொல்லலேம்பாங்க. காகிதம் அப்படிச் சொல்லாது. நான் இந்த மேசையில உக்காந்தப்ப நீ பொறந்திருக்க மாட்டே. பேசாம போயி வேலையப் பாரு."

பேசாமல் போனேன். அதுதான் அவர் கேட்டது, அதுதான் நான் செய்தது.

இப்போது அந்தப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். இரண்டாவது லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. பிள்ளைகள் ஈப்போவில் வேலைக்குப் போய்விட்டார்கள். புருஷன் ஆலையில் ஷிப்ட் வேலை, பாதி நாள் கீழேயே தங்கிவிடுவார். கடைசி வீடு என்பதால் பின்பக்கம் வெட்டி விட்ட மண்மேடு அவர் அடுப்படிச் சுவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. அந்த வருடம் மழை தொடங்கியதும் மேட்டில் ஒரு வெடிப்பு வந்தது. புதன்கிழமை காலை பெரட்டு முடிந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கிராணியம்மா, மேடு நடந்து வருது" என்றார்.

"நடந்து வருதுன்னா?"

"நேத்து மேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல என் கை நுழைஞ்சுச்சு. இன்னிக்கு நுழையல."

நான் போய்ப் பார்த்தேன். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கால்வாயில் சேறு பிதுங்கி நிறைந்திருந்தது. அடுப்படிப் பலகைச் சுவர் உள்பக்கமாக லேசாக வளைந்திருந்தது. கண்டக்டரும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. முதல் லயத்தில் மூன்றாம் நம்பர் வீடு இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அங்கே மாற்றிவிட்டால் போதும். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு முப்பது அடி நடக்கிற வேலை.

ஆனால் காலி வீட்டுச் சாவி எங்களிடம் கிடையாது. ஜனங்கள் சொல்லாமல் வீடு மாறிக்கொள்கிறார்கள் என்று எல்லாக் காலி வீட்டுச் சாவியும் பெரிய ஆபீசில், பெரிய கிராணி மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முந்தின வருடம் கீழ் டிவிசனில் ஒரு தண்டல், ஒழுகுகிற வீட்டுக்காரனுக்காகப் பூட்டை உடைத்தார். தண்டல் என்றால் ஆட்களை மேய்க்கிறவர். ஒரே வாரத்தில் அவரைச் சாதாரணக் கூலியாக இறக்கிவிட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். கண்டக்டருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

புதன்கிழமை மத்தியானமே கடிதம் தட்டச்சு செய்தேன். மிக அவசரம் என்று மேலே அடித்து அடியில் இரண்டு கோடு போட்டேன். தபால் பை தயார். வியாழக்கிழமை லோரி வரவில்லை. நான்காவது மைலில் பாதை சரிந்துவிட்டது என்று நடந்து வந்த ஆள் சொன்னான். வெள்ளி இல்லை, சனி இல்லை. மழை விடவில்லை. பறித்த கொழுந்து சாக்கில் கிடந்து புளித்து நாறியது. தபால் பை என் மேசைக்குக் கீழே அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த அம்மா வருவார்.

"சொல்லிட்டீங்களா கிராணியம்மா?"

"லெட்டர் எழுதிட்டேன்க்கா. லோரி வரணும்."

"அந்தப் பொட்டில சொல்ல முடியாதா?"

"திங்கக்கிழமைதான் கீழ பொட்டியப் போடுவாங்க. அன்னிக்கு சொல்றேன்."

அவருக்குத் தெரிந்தது பெரிய கிராணிக்குத் தெரியவில்லை. பாதை போனதால் கடிதம் போகவில்லை. கடிதம் போகாததால் பெட்டியில் பேச முடியாது. பாதை போனால் பேசுவதற்காகவே வாங்கிய பெட்டி. உலகத்தில் வேறு யாராலும் இப்படி ஒரு முடிச்சைப் போட்டிருக்க முடியாது. அதற்கு இருபத்தைந்து வருட சர்வீஸ் வேண்டும்.

திங்கட்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்குப் பெட்டியைப் போட்டேன். சாக்குக்கு உள்ளேயிருந்து துரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இரண்டு நாளில் பாதை சரியாகிவிடும், அதுவரை எல்லாரும் பெட்டியைப் போட்டே வைத்திருங்கள், ஆலைக்குக் கொழுந்து இல்லை, மிஷின் சும்மா நிற்கிறது, நஷ்டம் என்று துரை பேசிக்கொண்டே போனார். நான் கடிதத்தின் நகலை முன்னால் வைத்திருந்தேன். நம்பர் போடுகிற இடம் வெள்ளையாக இருந்தது.

"ஐயா, நான் சொல்லப் போறேன்" என்றேன் தாழ்ந்த குரலில்.

"நம்பர் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"வீடு விழப் போகுதுங்கய்யா."

"ரெண்டு நாள்ல லோரி வந்துடும்னு துரையே சொல்றாருலா. நம்பர் வரட்டும். நீ சின்னப் பொண்ணு, உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னையும் சேத்து அனுப்பிடுவாங்க."

அதற்குள் துரை கூப்பிட்டார். மேல் டிவிசன், ஏதாவது உண்டா? கண்டக்டர் என் முகத்துக்கு நேராக உள்ளங்கையைக் காட்டி, வேண்டாம் என்று ஆட்டினார்.  அப்பா நினைவுக்கு வந்தார். மகள் கிராணி என்று ரிங்லெட் காப்பிக்கடை முழுக்கச் சொல்லிவைத்திருந்த அப்பா. நான் பித்தானை அமுக்கினேன்.

"மேல் டிவிசன். ஒன்றுமில்லை, துரை."

தெளிவாகச் சொன்னேன். அந்தச் சீனப் பையன் சொல்லிக்கொடுத்த மாதிரி மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். பிறகு கூட்டப் புத்தகத்தில் எழுதினேன், மேல் டிவிசன், ஒன்றுமில்லை. பக்கத்தில் என் கையெழுத்து. வெளியே வந்து பார்த்தபோது வாசல் சிமெண்டில் ஒரு கூடை வைத்த ஈரம் வட்டமாக இருந்தது. யாரோ மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடு இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுப்படி இருந்த இடத்தில் சேறும் பலகையும்தான் இருந்தன. அந்த அம்மா உள்ளேதான் இருந்தார். மழை என்று காட்டு வேலை இல்லை, சோறு வைக்கப் போயிருக்கிறார். இடுப்புக்கு மேலே வெளியே இருந்தார். ஒரு காலின்மேல் உத்தரம் கிடந்தது. சத்தம் போட்டு அழவில்லை. தண்ணீர் கேட்டார்.

லயத்து ஆண்கள் கையாலேயே சேற்றைத் தோண்ட ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஆபீசை நோக்கி ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே வாழ்நாளில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்து, பித்தானை நசுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"வீடு விழுந்திருச்சு, ஆளு உள்ள இருக்கு, ஆளு அனுப்புங்க, ஆளு அனுப்புங்க."

"விரல எடுங்கய்யா, பதில் கேக்கணும்" என்று நான்தான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன். பெட்டியில் வந்தது பெரிய கிராணியின் குரல்.

"இது எந்த லெட்டர்ல வந்துச்சு?"

அதைத்தான் கேட்டார். நான் இட்டுக்கட்டவில்லை. ஐந்து இடத்திலும் கேட்டது. ஆலையில் அந்த அம்மாவின் புருஷன் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டார். கண்டக்டர் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் அதை எடுத்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அப்பா லோரியைப் பழுது பார்க்கும்போது பேசுகிற வார்த்தைகள். அதற்குப் பிறகுதான் துரையின் குரல் வந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்தப் பெட்டி என்ன செய்தது என்று. துரை கீழிருந்து முப்பது ஆட்களை மண்வெட்டியோடு சரிந்த பாதைக்கு அனுப்பினார். நடு டிவிசன் கண்டக்டர் தன் பக்கத்திலிருந்து பழைய கோவேறு கழுதைப் பாதை ஒன்று இருக்கிறது, அதில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வரலாம் என்று பெட்டியில் சொன்னார். அந்த மனிதர் அதுவரை ஒரு திங்கட்கிழமைகூட வாய் திறந்ததில்லை. ஆலையிலிருந்து, காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் காலை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் ஓடிப்போய்ச் சொன்னேன், திரும்ப ஓடிவந்து கேட்டேன். ஐந்து இடமும் மாறி மாறிப் பேசியது. யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் நம்பர் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. முந்தின நாள் இதில் பத்தில் ஒரு பங்கு பேசியிருந்தால் போதும்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். நல்ல சட்டை போட்ட மனிதர்கள். பெரிய கிராணி கோப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கடிதம் பெரிய ஆபீசுக்கு வந்ததா? வரவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேல் டிவிசன் என்ன சொன்னது? எங்களிடமிருந்து வாங்கி வைத்திருந்த கூட்டப் புத்தகத்தைப் பெரிய கிராணி திருப்பிக் காட்டினார். ஒன்றுமில்லை. யார் கையெழுத்து? என் பக்கம் திரும்பினார்கள். சர்க்குலரைப் பற்றிச் சொன்னேன். பெரிய கிராணி சர்க்குலரையும் கொண்டுவந்து காட்டினார். அதில் அவசர விஷயத்தைப் பேசக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். உண்மைதான், அப்படி ஒரு வரி இல்லை. பேசலாம் என்றும் ஒரு வரி இல்லை. கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை.

அவர்கள் எழுதிய அறிக்கையில், இந்தக் கருவியைப் பயன்படுத்தும் பக்குவம் தோட்ட ஊழியர்களுக்கு இன்னும் வரவில்லை என்று இருந்ததாம். இரண்டு மாதத்தில் அதே சீனப் பையன் வந்து பெட்டியைக் கழற்றினான். ஒலிபெருக்கியில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, இது எதற்கு என்று கேட்டான். குளிருக்கு என்றேன். அவன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் கண்டக்டர் மறுபடி லோரியில் இறங்கிப்போக ஆரம்பித்தார். பெரிய கிராணி ஓய்வு பெற்றபோது மாலை போட்டுப் பாராட்டு விழா வைத்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து மடல் ஒன்று மேல் டிவிசனுக்கும் வந்தது. நான் போடவில்லை. என் வாழ்நாளில் அந்தத் தோட்டத்தில் நான் போட மறுத்த ஒரே கையெழுத்து அதுதான், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அந்த அம்மாவுக்கு ஆயாக்கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். கொழுந்துக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். முதல் லயத்து மூன்றாம் நம்பர் வீட்டுக்கும் மாற்றிவிட்டார்கள். சாவி சீக்கிரமே வந்தது. நான் ஆறேழு மாதம் அந்தப் பக்கமே போகாமல் ஒளிந்துகொண்டு திரிந்தேன். ஒரு நாள் பால் கணக்கு எடுக்கப் போயே ஆக வேண்டியிருந்தது. கட்டைக் கம்பை மடியில் சாய்த்துக்கொண்டு ஒரு குழந்தைக்குச் சேலை ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வாங்க கிராணியம்மா, உக்காருங்க என்றார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டேன். லெட்டர் எழுதியிருந்தேன் அக்கா, லோரி வரவில்லை, நம்பர் இல்லாமல் பேச விடமாட்டோம் என்றார்கள், இல்லையென்றால் அன்றைக்கே பெட்டியில் சொல்லியிருப்பேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

அவர் ஏணையை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் கிராணியம்மா" என்றார். "அன்னிக்கு நான் வாசல்லதான் நின்னேன். கூடைய எறக்கி வச்சிட்டு. நீங்க சொல்றதக் கேட்டுட்டுப் போலாம்னுதான் நின்னேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாக் கேட்டுச்சு" என்றார்.

பிறகு பால் எத்தனை டின் இருக்கிறது என்று அவரே எண்ணிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.